ஆய்வும் வாய்மையும்

நுழையும்முன்

நோயாளி உட்கொள்ளும் மாத்திரையும், உழவர் ஊன்றும் விதையும், ஆற்றின் குறுக்கே எழும் பாலமும் எங்கோ, என்றோ, யாரோ செய்த ஆய்வின் முடிவை நம்பியே நிற்கின்றன. அம்முடிவு தவறாயின் அறிவியல் அதனைக் காலப்போக்கில் திருத்திக்கொள்ளும். ஆனால், அது வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய்யாயின், அதனைக் கண்டறிவதற்குள் நேரும் இழப்பு பெரிது. ஆய்வில் வாய்மை ஏன் இன்றியமையாதது, அது எவ்வாறு பிறழ்கிறது, பிறழாமல் காப்பது எங்ஙனம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நம்பிக்கை என்னும் அடித்தளம்

ஐயுறுதலே அறிவியலின் இயல்பு என்பர். சான்றின்றி எதனையும் அறிவியல் ஏற்பதில்லை. எனினும், எந்த ஆய்வாளரும் தமக்கு முன்னர் நிகழ்ந்த அனைத்துச் சோதனைகளையும் தாமே மீண்டும் செய்து பார்த்தபின் தம் பணியைத் தொடங்குவதில்லை. அது இயலக்கூடியதும் அன்று. ஒருவர் அளந்து சொன்னதை மற்றொருவர் ஏற்று, அதன்மேல் தம் ஆய்வை அமைக்கிறார். அவர்மேல் இன்னொருவர் அமைக்கிறார். இவ்வாறு அடுக்கடுக்காக எழும் கட்டடத்தின் கீழ்வரிசைக் கல் போலியாக இருந்தால், மேல்வரிசைகளும் நிலைகுலையும்.

இதற்குப் பில்ட்டவுன் நிகழ்வு தக்க சான்றாகும். 1912ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் சிற்றூரில் கிடைத்ததாகச் சில மண்டையோட்டுத் துண்டுகளையும் ஒரு தாடையெலும்பையும் சார்லஸ் டாசன் என்பவர் அறிஞர் முன் வைத்தார். மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் இடைப்பட்ட மூதாதையின் எச்சங்கள் என்று அவை போற்றப்பட்டன. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 1953இல் உண்மை வெளிப்பட்டது. மண்டையோடு மனிதனுடையது, தாடையோ ஒராங்குட்டான் குரங்கினுடையது. பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. எலும்புகள் பழமை நிறம் பெறுமாறு சாயம் ஏற்றப்பட்டிருந்தன.

இடைப்பட்ட காலத்தில் இப்போலி விளைத்த கேடு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டாங் என்னுமிடத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட், சிறிய மூளையும் நிமிர்ந்த நடையும் கொண்ட மனித மூதாதையினம் ஒன்று வாழ்ந்தது என 1925இல் அறிவித்தார். மனிதப் படிமலர்ச்சியில் மூளையே முதலில் பெருத்தது என்பதற்குப் பில்ட்டவுன் எலும்புகளைச் சான்றாகக் கொண்டிருந்த அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பொய்யான சான்று, மெய்யான சான்றுக்குப் பல ஆண்டுகள் வழிமறித்து நின்றது.

பிறழ்ச்சியின் மூன்று வடிவங்கள்

ஆய்வு நெறிப் பிறழ்ச்சிகளுள் தலையாயவை மூன்று. அவை புனைதல், திரித்தல், கருத்துத் திருட்டு என்பனவாகும்.

செய்யாத சோதனையைச் செய்ததாகக் கூறுவதும், எடுக்காத அளவீட்டை எடுத்ததாக எழுதுவதும் புனைதல் ஆகும். செய்த சோதனையின் முடிவுகளுள் தம் கருத்துக்கு ஏற்றவற்றை மட்டும் காட்டி ஏலாதவற்றை மறைப்பதும், எண்களையும் படங்களையும் மாற்றியமைப்பதும் திரித்தல் ஆகும். பிறர் எழுத்தையோ கருத்தையோ தரவையோ உரியவர் பெயரைச் சுட்டாமல் தமதாக்கிக்கொள்வது கருத்துத் திருட்டு ஆகும்.

இவற்றுள் முதலிரண்டும் இயற்கையைப் பற்றிச் சொல்லும் பொய்கள். மூன்றாவது, சக மனிதரின் உழைப்பைக் கவர்தல். முன்னோர் மொழிந்ததை முன்னோர் மொழிந்தது என்றே சுட்டும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தமக்கு முற்பட்ட புலவர் கூறியவற்றைத் தம் கூற்றாகக் காட்டாமல், அவர்கள் கூற்று என்றே பல நூற்பாக்களில் குறித்துச் செல்கிறார். திருக்குறளிலும் கள்ளாமை அதிகாரத்தை அடுத்தே வாய்மை அதிகாரம் அமைந்துள்ளது.

பன்னிரண்டு குழந்தைகளும் ஒரு தடுப்பூசியும்

ஆய்வில் நிகழும் பொய், ஆய்வகத்தின் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதில்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் எதிராக இடப்படும் கூட்டுத் தடுப்பூசியைப் பற்றி இலண்டனில் எழுந்த ஓர் ஐயம் இதனை உணர்த்தும்.

1998 பிப்ரவரியில் 'தி லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு உள்ளிட்ட 13 பேர் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. அது 12 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுக்குக் குடல் அழற்சியும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடும் இருந்தன என்றும், அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தடுப்பூசி இட்ட சில நாள்களில் அறிகுறிகள் தோன்றியதாகப் பெற்றோர் கூறினர் என்றும் கட்டுரை தெரிவித்தது. தடுப்பூசியே காரணம் என்பதை மெய்ப்பித்துவிட்டதாகக் கட்டுரை கூறவில்லை. எனினும், கட்டுரை வெளியீட்டையொட்டி நிகழ்ந்த செய்தியாளர் சந்திப்பில், மூன்று நோய்களுக்கும் தனித்தனியே தடுப்பூசி இடுவதே நன்று என்று வேக்ஃபீல்டு அறிவுறுத்தினார். அச்சம் நாடெங்கும் பரவியது.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 92 விழுக்காட்டுக் குழந்தைகள் பெற்றுவந்த அத்தடுப்பூசியை, 2003-04ஆம் ஆண்டில் 80 விழுக்காட்டினரே பெற்றனர். தட்டம்மை மிக விரைந்து பரவும் நோய். ஒரு சமூகத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால்தான் அதன் பரவல் தடைப்படும். அந்த அரண் தளர்ந்தது. 1998இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 56 பேரிடம் மட்டும் உறுதிசெய்யப்பட்ட தட்டம்மை, 2008இல் 1,300க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 14 ஆண்டுகளாகத் தட்டம்மையால் உயிரிழப்பு நேராதிருந்த அந்நாட்டில், 2006இல் ஒரு சிறுவன் அந்நோய்க்கு உயிரிழந்தான்.

உண்மை படிப்படியாக வெளிப்பட்டது. டென்மார்க்கில் 5,37,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட முடிவு, தடுப்பூசி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் ஆட்டிசம் ஏற்படும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை எனக் காட்டியது. 2004இல் இதழாளர் பிரையன் டீர், தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்க முனைந்த வழக்குரைஞரிடமிருந்து வேக்ஃபீல்டு நிதி பெற்றிருந்ததை வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில் கட்டுரையாசிரியர் 13 பேருள் 10 பேர், கட்டுரையில் தடுப்பூசியைத் தொடர்புபடுத்திய விளக்கத்தைத் திரும்பப் பெற்றனர். குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, கட்டுரையில் கூறப்பட்ட செய்திகள் அவற்றோடு பொருந்தவில்லை. சில குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுமுன்னரே குறைபாட்டின் அறிகுறிகள் தோன்றியிருந்தன. 2010 பிப்ரவரியில் 'தி லான்செட்' அக்கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கட்டுரை வெளியாவதற்கும் திரும்பப் பெறப்படுவதற்கும் இடையே 12 ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலும் அது விதைத்த அச்சம் இன்றும் பல நாடுகளில் முற்றிலும் நீங்கவில்லை.

இரு சோதனை, ஒரே வரைபடம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகம், டிரான்சிஸ்டர் பிறந்த இடம் என்னும் பெருமைக்குரியது. அங்குப் பணியாற்றிய யான் ஹென்ட்ரிக் ஷோன் என்னும் இளம் இயற்பியலர், கரிமச் சேர்மங்களைக் கொண்டு நுண்ணிய மின்னணுக் கருவிகளை உருவாக்கியதாகத் தொடர்ந்து அறிவித்து உலகை வியக்கவைத்தார். 2001ஆம் ஆண்டில் சராசரியாக எட்டு நாள்களுக்கு ஒரு கட்டுரை வீதம் அவர் பெயரில் வெளிவந்தது. அவர் கண்டதாகக் கூறியவற்றை மீண்டும் செய்துபார்க்கப் பல நாட்டு ஆய்வகங்கள் முயன்றன. இளம் ஆய்வாளர் பலர் காலத்தையும் உழைப்பையும் செலவிட்டும் பயன் கிட்டவில்லை. குறை தம் கைத்திறனில்தான் உள்ளது என்று அவர்களுள் பலர் எண்ணினர்.

2002இல் அறிஞர் சிலர், ஷோனின் வெவ்வேறு கட்டுரைகளில் இருந்த வரைபடங்களை அருகருகே வைத்து நோக்கினர். எந்த அளவீட்டிலும் கருவியும் சூழலும் விளைக்கும் சிறுசிறு ஏற்றத்தாழ்வுகள் கலந்திருக்கும். இதனை இயற்பியலார் இரைச்சல் என்பர். இரு வேறு நாள்களில் பெய்யும் மழை, முற்றத்து மணலில் ஒரே கோலத்தைப் பதிக்காது. அதுபோல, இரு வேறு சோதனைகளின் இரைச்சலும் ஒன்றாக அமையாது. ஆனால், ஷோனின் வரைபடங்களில் வெவ்வேறு பொருள்களைப் பற்றிய சோதனைகளுக்கு ஒரே இரைச்சல் காணப்பட்டது.

பெல் ஆய்வகம் அமைத்த விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, அவற்றுள் 16இல் நெறிப்பிறழ்ச்சி நிகழ்ந்துள்ளதை உறுதிசெய்தது. முறையான ஆய்வகக் குறிப்பேடுகள் அவரிடம் இல்லை. கணினியில் இடம் போதாமையால் மூலத் தரவுகளை அழித்துவிட்டதாக அவர் கூறினார். அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 'சயின்ஸ்', 'நேச்சர்' ஆகிய முன்னணி இதழ்களில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. இணையாசிரியர்கள் குற்றமற்றவர்கள் என்று குழு தீர்மானித்தது. எனினும், தம் பெயர் தாங்கிவரும் கட்டுரையின் தரவுகளை ஆராயாமல் விட்டது சரிதானா என்னும் வினாவையும் அது எழுப்பியது. கட்டுரையின் புகழில் பங்குபெறுவோர், அதன் உண்மைக்கான பொறுப்பிலும் பங்குபெற வேண்டுமல்லவா?

பிழை வேறு, பொய் வேறு

ஆய்வில் தவறு நேர்வது இயல்பு. தவறு செய்தவர் எல்லாரும் நெறி பிறழ்ந்தவர் ஆகார். தவற்றை மறைப்பதே பிறழ்ச்சி.

2011 செப்டம்பரில் ஓபெரா என்னும் ஆய்வுக்குழு வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டது. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வு மையத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ துகள்கள், ஒளி வந்தடையும் நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோ விநாடி முன்னதாக வந்தன என்பதே அச்செய்தி. ஒளியை விஞ்சும் வேகம் எதற்கும் இல்லை என்னும் ஐன்ஸ்டீன் கொள்கைக்கு இது முரணானது. அக்குழு தன் முடிவை வெற்றியாக முழங்கவில்லை. பல மாதங்கள் தேடியும் பிழையைக் காண இயலவில்லை எனக் கூறி, உலக அறிஞர்களின் ஆய்வுக்கு அதனை வைத்தது. 2012இல் காரணம் தெரிந்தது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது. குழுவே அதனை அறிவித்து முடிவைத் திருத்திக்கொண்டது.

2018ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரான்சிஸ் அர்னால்டு, 2020 ஜனவரியில் தம் குழுவின் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அச்சோதனையை மீண்டும் செய்தபோது முடிவுகள் கிட்டவில்லை. முதன்மையான சோதனைகள் சிலவற்றுக்கு ஆய்வகக் குறிப்பேட்டில் உரிய பதிவுகளும் இல்லை. கட்டுரையை அனுப்பிய வேளையில் பணிமிகுதியால் தாம் உரிய கவனம் செலுத்தவில்லை என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். இதனால் அவர் மதிப்புக் குறையவில்லை. அறிவியல் உலகம் அவருடைய நேர்மையைப் பாராட்டியது.

தெரிந்து தெளிவோம்

பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்களில் கல்விசார் நேர்மையை வளர்க்கவும் கருத்துத் திருட்டைத் தடுக்கவும் 2018இல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு காணப்படும் ஒப்புமையின் அளவைக்கொண்டு அவை நடவடிக்கைகளை வரையறுக்கின்றன.

10 விழுக்காடு வரை – தண்டனை இல்லை.
10க்கு மேல் 40 விழுக்காடு வரை – ஆறு மாதத்துக்குள் திருத்திய ஏட்டை அளித்தல் வேண்டும்.
40க்கு மேல் 60 விழுக்காடு வரை – ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது.
60 விழுக்காட்டுக்கு மேல் – ஆய்வுப் பதிவு நீக்கப்படும்.

பிறழ்ச்சிக்கான காரணங்கள்

தனிமனிதரின் பேராசை மட்டுமே பிறழ்ச்சிக்குக் காரணம் என்று கொள்வது முழு உண்மை ஆகாது. பணி வாய்ப்பு, பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகிய அனைத்தும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்படும் சூழலில், தரத்தினும் எண்ணிக்கை முந்துகிறது. புதுமையான முடிவுகளையே ஆய்விதழ்கள் விரும்புகின்றன. எதிர்பார்த்தது நிகழவில்லை என்னும் எளிய உண்மையைச் சொல்லும் கட்டுரைக்கு இடம் கிடைப்பது அரிது. பணம் பெற்றுக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் அமைப்புகளும், ஆராயாமல் அச்சிடும் இதழ்களும் இத்தேவையை வணிகமாக்கின. மேற்பார்வை தளர்ந்த இடத்தில் பிறழ்ச்சி எளிதில் வேரூன்றுகிறது.

கட்டுரை வெளியாகுமுன் துறை வல்லுநர் அதனை மதிப்பிடுகின்றனர். ஆயினும், இம்மதிப்பீடு ஒன்றே போதிய காவல் ஆகாது. மதிப்பிடுவோர் தம்முன் வைக்கப்பட்ட எண்கள் மெய்யாக அளக்கப்பட்டவை என்று நம்பியே வாதத்தை எடைபோடுகின்றனர்.

காக்கும் வழிகள்

வாய்மையைக் காக்கும் கருவிகளுள் எளியது ஆய்வகக் குறிப்பேடு. சோதனை நிகழும்போதே, நாள் குறித்து, கண்டதைக் கண்டவாறு அதில் எழுத வேண்டும். தவறாக எழுதியதைத் தெரியுமாறு ஒரு கோடிட்டு அடித்துவிட்டுச் சரியானதை அருகில் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழித்தல் கூடாது. ஷோனின் ஆய்விலும் அர்னால்டு குழுவின் ஆய்விலும் உரிய பதிவுகள் இல்லாமையே சிக்கலின் நடுவில் இருந்தது.

மூலத் தரவுகளைப் பாதுகாத்துப் பிறர் காணத் தருதல், ஆய்வைத் தொடங்குமுன்னரே அதன் முறையைப் பதிவுசெய்தல், நிதி தந்தவர் யார் என்பதை வெளிப்படுத்தல், சோதனைகளை வேறு ஆய்வகங்கள் மீண்டும் செய்துபார்க்க ஊக்கமளித்தல் ஆகியனவும் காவல்களாகும். மாணவரின் மூல ஏட்டை வழிகாட்டி அவ்வப்போது நேரில் பார்த்தல் வேண்டும். ஐயம் எழுப்பும் இளையவர் பழிவாங்கப்படாமல் காக்கப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்க்கும் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளித்து, முறையாக ஆராய்ந்த பின்னரே முடிவு காண்பது நேர்மையாகும்.

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்வோர் ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி ஆகியவற்றைக் கற்பிக்கும் பாடம் ஒன்றைப் பயில வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முடிவுசெய்தது. ஆனால், நேர்மை முனைவர் பட்டத்தில் தொடங்குவதன்று. பள்ளி ஆய்வகத்திலேயே தொடங்க வேண்டியது.

பள்ளி ஆய்வகத்தில் ஓர் ஊசல்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையை எண்ணிப் பார்க்கலாம். ஊசலின் நீளம் ஒரு மீட்டர் எனின், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 விநாடி ஆகும். மாணவர் ஒருவருக்கு 38 விநாடி கிடைக்கிறது. கணக்கிட்டால் விடை 9.8க்குப் பதிலாக ஏறத்தாழ 10.9 என வருகிறது. விடை தெரிந்த சோதனை இது. எனவே, 38ஐ அழித்து 40 என எழுதிவிட்டால் மதிப்பெண் குறையாது. எவர்க்கும் தீங்கு நேர்ந்ததாகவும் தோன்றாது.

ஆனால், அந்த 38 என்னும் எண்ணில் ஒரு பாடம் மறைந்திருக்கிறது. நிறுத்துகடிகாரத்தை இயக்கும் கணத்தில் சுழி என்று தொடங்காமல் ஒன்று என்று எண்ணத் தொடங்கினால், 20 என்று முடிக்கும்போது உண்மையில் 19 அலைவுகளே நிகழ்ந்திருக்கும். 19 அலைவுகளுக்கு ஏறத்தாழ 38 விநாடிதான் ஆகும். எண்ணை மாற்றி எழுதிய மாணவர்க்குச் சரியான விடை கிடைத்தது, பிழை கிடைக்கவில்லை. எண்ணை மாற்றாமல் காரணம் தேடியவரோ எண்ணும் முறையைத் திருத்திக்கொண்டார். ஓபெரா குழுவினர் வடத்தின் பொருத்தத்தில் பிழையைக் கண்டதும் இவ்வழியில்தான்.

எதிர்பார்ப்புக்கு மாறாக வரும் அளவீடு, ஆய்வாளர் செய்த பிழையைச் சுட்டலாம். அல்லது அதுவரை எவரும் அறியாத புதிய உண்மையைச் சுட்டலாம். எதுவென்று ஆராயுமுன்னரே அதனை அழித்துவிடுபவர் இரண்டையும் இழக்கிறார்.

முடிவுரை

விதிகளும் தண்டனைகளும் பிறழ்ச்சியைக் குறைக்கும். கணினி நிரல்கள் களவை ஓரளவு கண்டறியும். எனினும், அளவுகோலைக் கையில் ஏந்தி ஒருவர் தனித்து நிற்கும் கணத்தில் அவரைக் கண்காணிப்பவர் எவரும் இலர். அக்கணத்தில் அவர் எழுதும் எண்ணை நம்பியே பின்னொரு நாள் ஒரு மருத்துவர் மருந்து தருவார். ஒரு தாய் தன் குழந்தைக்குத் தடுப்பூசி இட இசைவார். கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்வோர், அந்நம்பிக்கைக்கு உரியவராவர்.

கற்பவை கற்றபின்…

1. 'பிழை வேறு, பொய் வேறு' என்னும் கருத்தை இப்பாடத்தில் இடம்பெற்ற நிகழ்வுகளைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. செய்முறை வகுப்பில் எதிர்பார்த்த விடை கிடைக்காத சோதனை ஒன்றைத் தேர்ந்து, அதற்கான காரணங்களை ஆராய்ந்து குறிப்பு எழுதுக.
3. 'கட்டுரையின் புகழில் பங்குபெறுவோர் அதன் பொறுப்பிலும் பங்குபெற வேண்டும்' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.